வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வரும் கணக்குகள் எல்லாம் ஒரே கடனை வைத்துப் போட்டவை. கடன் 40 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை 34,713 ரூபாய். உங்கள் கடன் 20 லட்சம் என்றால் தொகைகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வட்டியும் காலமும் இதேதான் என்றால் மிச்சமாகும் மாதங்கள் மாறாது. சொல்லியிருக்கும் விதிகள் இந்தியாவில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு உரியவை. பத்திரப் பதிவு பற்றிய பகுதி தமிழ்நாட்டுக்கு உரியது.

ஐந்து ஆண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியும் அசல் ஏன் அப்படியே நிற்கிறது?

வங்கி முதலில் வட்டியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அசலில் கழிக்கிறது. முதல் மாத வட்டியைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 40 லட்சத்தை 8.5 சதவீதத்தால் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 28,333 ரூபாய். நீங்கள் கட்டிய 34,713 ரூபாயில் அசலுக்குப் போனது 6,380 ரூபாய்தான். அடுத்த மாதம் அசல் அந்த அளவு குறைந்திருப்பதால் வட்டி 45 ரூபாய் குறையும், அசலுக்கு 45 ரூபாய் கூடுதலாகப் போகும். இப்படித்தான் ஆமை வேகத்தில் நகர்கிறது.

ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டியது சுமார் 20.83 லட்சம். அப்போது அசல் பாக்கி சுமார் 35.25 லட்சம். அதாவது அசலில் குறைந்தது 4.75 லட்சம்தான். பத்து ஆண்டு முடிந்து பாதிக் காலம் கடந்த பிறகும் பாக்கி 28 லட்சம் இருக்கும். இருபது ஆண்டும் முழுதாகக் கட்டினால் வட்டி மட்டும் 43.3 லட்சம், வாங்கிய கடனைவிட அதிகம். வங்கி ஏமாற்றவில்லை, கூட்டுவட்டிக் கணக்கு இப்படித்தான் ஓடும். தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்குப் பங்கு கொடுக்காமல் நேராக அசலில் இறங்குகிறது. முன்கூட்டிக் கட்டுவதன் பலம் முழுவதும் இதில் இருக்கிறது.

மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்?

முதல் மாதத்திலிருந்தே 39,713 ரூபாய் கட்டினால் கடன் 14 ஆண்டு 9 மாதத்தில் முடிந்துவிடும். 5 ஆண்டு 3 மாதம் மிச்சம். வட்டி 43.3 லட்சத்திலிருந்து சுமார் 30.3 லட்சமாக இறங்கும். 13 லட்சம் ரூபாய் உங்கள் கையிலேயே நிற்கிறது.

மாதாமாதம் முடியாது. வேறு வழி உண்டா?

வருடத்துக்கு ஒரு தவணை அதிகமாகக் கட்டுங்கள். ஆண்டுக்கு 12 தவணைக்குப் பதில் 13. தீபாவளி போனஸோ, அறுவடைப் பணமோ, சீட்டு எடுத்த பணமோ வரும் மாதத்தில் இதைச் செய்யலாம். கடன் 16 ஆண்டு 9 மாதத்தில் முடியும், வட்டியில் 8 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

சம்பளம் ஆண்டுதோறும் உயர்கிறவர்களுக்கு இன்னொரு வழி இதைவிட நல்லது. தவணையை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது. இரண்டாம் ஆண்டு 36,449 ரூபாய், மூன்றாம் ஆண்டு 38,271 ரூபாய் என்று போகும். 20 ஆண்டுக் கடன் 12 ஆண்டு 3 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி சுமார் 27.7 லட்சத்தோடு நிற்கும். கடைசி ஆண்டில் தவணை 62,000 ரூபாயைத் தாண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சம்பள உயர்வு நின்றுவிட்டால் ஏற்றுவதையும் நிறுத்திவிடலாம். அதற்காகத்தான் தவணையை எழுத்துபூர்வமாக மாற்றாமல், கூடுதல் தொகையை நீங்களாகவே தனியாகக் கட்டுவது பாதுகாப்பு. வங்கியில் தவணையையே உயர்த்தி எழுதிக்கொடுத்துவிட்டால், பணமுடை வரும் மாதத்திலும் அந்தத் தொகை இல்லையென்றால் தவணை திரும்பியதாகப் பதிவாகும்.

கையில் 2 லட்சம் இருக்கிறது. இப்போதே கட்டலாமா, இன்னும் சேர்த்து மொத்தமாகக் கட்டலாமா?

இப்போதே கட்டுங்கள். முதல் ஆண்டு முடிவில் 2 லட்சம் கட்டினால் 26 மாதம் குறையும், வட்டியில் சுமார் 7.1 லட்சம் மிச்சமாகும். அதே 2 லட்சத்தைப் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 2.5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஒரு லட்சம்கூட வராது. அசலில் விழுந்த பணம் மீதியிருக்கும் காலம் முழுவதும் வட்டியைத் தடுத்து நிற்கிறது. காலம் குறைவாக இருந்தால் தடுக்கக்கூடிய வட்டியும் குறைவு.

"ஐந்து லட்சம் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சேமிப்புக் கணக்கில் போட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். சேர்வதற்குள் அதில் பாதி வேறு செலவுக்குப் போய்விடுகிறது, மீதிப் பாதிக்கு மிகக் குறைந்த வட்டிதான் கிடைக்கிறது.

தவணைத் தொகையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று வங்கி கேட்கிறது. எது நல்லது?

மேலே சொன்ன 2 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். காலத்தைக் குறைத்தால் மிச்சம் 7.1 லட்சம். காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் தவணை 32,942 ரூபாயாகும், மாதம் 1,771 ரூபாய் கையில் நிற்கும், வட்டியில் மொத்த மிச்சம் சுமார் 2 லட்சம்தான்.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மாதம் கையில் நிற்கும் 1,771 ரூபாயையும் திரும்பக் கடனிலேயே கட்டினால் இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றுதானே. ஆனால் கையில் வந்த அந்தச் சிறு தொகையை மாதம் தவறாமல் திருப்பிக் கட்டுகிறவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் காலத்தைக் குறைப்பதுதான் சரி.

வேலை நிச்சயமில்லாதவர்கள், ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம், சொந்தத் தொழில் செய்பவர்கள் தவணையைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. கட்டாயமாகக் கட்டவேண்டிய தொகை குறைவாக இருப்பது கெட்ட காலத்தில் மூச்சுவிட இடம் தரும். நல்ல மாதங்களில் பழைய தொகையையே கட்டிவந்தால் போதும்.

சில வங்கிச் செயலிகளில் "தவணையைக் குறை" என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

அபராதம் உண்டா?

தனிநபர் பெயரில் இருக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்குக் கிடையாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இதை 2012 இலேயே தடை செய்துவிட்டது. பகுதியாகக் கட்டினாலும் முழுதாக அடைத்தாலும் இதே விதிதான். ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அபராதம் போட முடியாது, இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்ற கட்டுப்பாடும் வைக்க முடியாது.

நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அபராதம் இருக்கக்கூடும். முதல் சில ஆண்டு நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்று இருக்கும் கடன்களில், நீங்கள் பணம் கட்டும் நாளில் எது ஓடுகிறதோ அதுதான் கணக்கு. மாறும் வட்டிக்கு மாற இரண்டு மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருந்து கட்டுவது லாபம்.

எப்படிக் கட்டுவது? எங்கே தவறு நடக்கிறது?

கூடுதல் பணம் அசலில் போகாமல் வேறு எங்கோ நிற்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. சில நிறுவனங்களில் கடன் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்தை "முன்பணத் தவணை" என்று எடுத்துவைத்து, அடுத்தடுத்த மாதத் தவணைக்கு அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். அசல் குறையாது, வட்டியும் குறையாது. ஆறு மாதம் கழித்து கணக்கறிக்கை எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும். வேறு சில வங்கிகளில் அனுப்பிய அன்றே அசல் குறைந்து, தவணை அப்படியே இருக்க, காலம் தானாகக் குறைந்துவிடும். எனவே முதல் முறை கட்டும்போது இந்த வரிசையில் செய்யுங்கள்.

நிலுவைத் தவணையோ அபராதக் கட்டணமோ இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் பணம் முதலில் அதற்குத்தான் போகும். பிறகு செயலியிலோ இணைய வங்கியிலோ "பார்ட் பேமென்ட்" அல்லது "பார்ட் ப்ரீபேமென்ட்" என்று தனி இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் வழியாகத்தான் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் ஒரு தவணைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியொரு இடம் இல்லையென்றால் கிளைக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் கட்டுங்கள். கடிதத்தில் மூன்றே விஷயம் போதும்: கடன் எண், தொகை, "இதை அசலில் கழித்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்ற ஒரு வரி.

ஒரு வாரம் கழித்துக் கணக்கறிக்கையை எடுங்கள். அசல் பாக்கி நீங்கள் கட்டிய முழுத் தொகை அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அடுத்த மாத வட்டியும் இறங்கியிருக்க வேண்டும். 2 லட்சம் கட்டியிருந்தால் 8.5 சதவீத வட்டியில் மாத வட்டி சுமார் 1,417 ரூபாய் குறையும். குறையவில்லை என்றால் பணம் தவறான இடத்தில் நிற்கிறது, உடனே எழுதிக் கேளுங்கள். புதிய தவணை அட்டவணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதத்தில் எந்தத் தேதியில் கட்டுவது?

வட்டியைத் தினசரிப் பாக்கியில் கணக்கிடும் வங்கியில் எந்த நாளில் கட்டினாலும் அந்த நாளிலிருந்தே பலன். மாத இறுதிப் பாக்கியில் கணக்கிடும் நிறுவனங்களில் 5 ஆம் தேதி கட்டிய பணமும் 30 ஆம் தேதி கட்டிய பணமும் ஒன்றுதான். அங்கே அவசரப்பட வேண்டாம், கணக்கு முடியும் தேதிக்கு இரண்டு மூன்று வேலைநாள் முன்னதாகக் கட்டினால் போதும். உங்கள் கடன் எந்த வகை என்பது அனுமதிக் கடிதத்தில் "டெய்லி ரெஸ்ட்" அல்லது "மன்த்லி ரெஸ்ட்" என்று எழுதியிருக்கும்.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன செய்ய வேண்டும்?

2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. அதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். 6.75 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 30,415 ரூபாய். அதே 40 லட்சத்துக்கு வட்டி 9.25 ஆனால் ஒரு மாத வட்டியே 30,833 ரூபாய். தவணை வட்டிக்குக்கூடப் போதாது, அசல் குறைவதற்குப் பதில் வளரும். ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் கடன் ஓடும் நிலைக்குப் பலர் தெரியாமலேயே போனது இப்படித்தான்.

இதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை ஓர் அறிக்கையும் தர வேண்டும். அதில் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் இருக்கும். அந்த அறிக்கையில் மீதித் தவணைகளின் எண்ணிக்கையை மட்டுமாவது ஒவ்வொரு முறையும் பாருங்கள். மூன்று மாதத்தில் அது குறைந்தபட்சம் மூன்று இறங்கியிருக்க வேண்டும்.

வட்டி இறங்கும்போது கிடைப்பது செலவில்லாத வாய்ப்பு. 8.5 சதவீதம் 7.5 ஆனால் 40 லட்சம் கடனுக்குத் தவணை 32,224 ரூபாயாக இறங்கும். அப்படி இறக்க விடாமல் பழைய 34,713 ரூபாயையே கட்டிவந்தால் 240 மாதம் 205 மாதமாகிவிடும். 2025 இல் ரெப்போ விகிதம் 6.5 இலிருந்து படிப்படியாக 5.25 வரை குறைந்தது. உங்கள் வங்கி தவணையைக் குறைத்திருந்தால், பழைய தொகைக்கே மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம்.

கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், முதல் வேலையே அதுதான். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய பழைய கடன்கள் இன்னும் எம்சிஎல்ஆர் (வங்கி தன் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் விகிதம்) அல்லது அதற்கும் முந்தைய அடிப்படை விகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதே வங்கி புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டியில் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு சிறு மாற்றுக் கட்டணம் கட்டி ரெப்போவோடு இணைந்த விகிதத்துக்கு மாறலாம். 35 லட்சம் பாக்கியில் ஒரு சதவீதம் குறைந்தால் முதல் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 35,000 ரூபாய்.

வேறு வங்கிக்கே மாறுவதென்றால் செலவைக் கூட்டிப் பாருங்கள். செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்துக் கட்டணம், தமிழ்நாட்டில் புதிய எம்ஓடி (பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவுக்கான முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் திரும்பவும் வரும். மீதிக் காலம் நான்கைந்து ஆண்டுதான் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

வருமான வரிச் சலுகை போய்விடாதா?

வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டுவது பெரும்பாலானவர்களுக்குத் தவறான கணக்கு. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது. இழக்க ஒன்றுமில்லை.

பழைய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு. நமது உதாரணக் கடனில் முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம். மேலே இருக்கும் 1.37 லட்சத்துக்கு ஏற்கெனவே சலுகை இல்லை. 8.5 சதவீதத்தில் ஆண்டு வட்டி 2 லட்சத்துக்குக் கீழே வருவது பாக்கி சுமார் 23.5 லட்சமாகும்போதுதான். அதுவரை கட்டும் கூடுதல் பணத்தால் வரிச் சலுகை ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதற்குப் பிறகும் 100 ரூபாய் வட்டி கட்டினால் 30 சதவீத வரி வரம்பில் 31 ரூபாய் திரும்ப வருகிறது, 69 ரூபாய் போய்விடுகிறது.

கூடுதலாகக் கட்டிய அசலும் பழைய முறையின் 1.5 லட்சம் ரூபாய்க் கழிவுக்குள் வரும். அதில் பிஎஃப், எல்ஐசி போன்றவற்றுக்குப் போக இடமிருந்தால் மார்ச் 31 க்குள் கட்டுங்கள். கட்டிய பிறகு வட்டிச் சான்றிதழைப் புதிதாக எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள், டிசம்பரில் கொடுத்த தற்காலிகச் சான்றிதழோடு எண்கள் பொருந்தாது. கடனைச் சீக்கிரம் முடித்தால் பழைய சலுகைகளைத் திருப்பிக் கேட்பார்கள் என்பது தவறான பயம். வீட்டையே ஐந்து ஆண்டுக்குள் விற்றால்தான் அசலுக்கு எடுத்த கழிவு திரும்ப வருமானத்தில் சேரும்.

அந்தப் பணத்தை எஃப்டியில் போட்டால் என்ன?

7 சதவீத எஃப்டியில், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி போக நிற்பது 4.8 சதவீதம். கடனில் கட்டினால் 8.5 சதவீதம் வட்டி தப்புகிறது. மாதாமாதம் கூடும் கூட்டுவட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 8.84 சதவீதம். அதற்கு வரியும் இல்லை, ஆபத்தும் இல்லை. எஃப்டியை உடைத்துக் கடனில் கட்டுவதற்குத் தயங்கவே வேண்டாம், அவசரக் கையிருப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

பிஎஃப் வேறு கதை. 2024-25 க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், வரம்புக்குள் வரி இல்லை. ஓய்வுக்கால பணத்தை எடுத்துக் கடனை அடைப்பதில் கிடைப்பது அற்பம், இழப்பது பெரிது. பங்குச்சந்தை ஃபண்டுகள் நீண்ட காலத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். மாதம் மிஞ்சுவதைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

முன்கூட்டிக் கட்டக் கூடாத சமயம் எது?

கையில் ஆறு மாத வீட்டுச் செலவும் ஆறு மாதத் தவணையும் இல்லாதபோது. கடனில் கட்டிய பணம் திரும்ப வராது. வேலை போன மாதத்தில் "போன வருடம் 3 லட்சம் கூடுதலாகக் கட்டினேனே" என்று சொன்னாலும் தவணையைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் இருக்கும்போதும் கூடாது. கார்டு பாக்கிக்கு மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும், அதை அடைக்காமல் 8.5 சதவீதக் கடனில் கட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பது. நகையை அடகு வைத்து வீட்டுக் கடனை அடைக்கவும் வேண்டாம், ஒரு கடன் குறுகிய காலத்தில் திருப்ப வேண்டிய இன்னொரு கடனாக மாறுகிறது, அவ்வளவுதான்.

பணம் கட்டவும் வேண்டும், தேவைப்பட்டால் எடுக்கவும் வேண்டும். வழி உண்டா?

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் அதற்குத்தான். எஸ்பிஐயின் மேக்ஸ்கெயின் இந்த வகை. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் அத்தனை தொகைக்கு வட்டி ஓடாது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனைவிட வட்டி சற்று அதிகமாக இருக்கும். 0.25 சதவீதம் அதிகம் என்று வைத்தால் 40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அந்தச் செலவை ஈடுகட்டவே எப்போதும் சுமார் 1.15 லட்சம் கணக்கில் கிடக்க வேண்டும். தொழில் செய்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். கைக்கு எட்டினால் செலவாகிவிடும் வீட்டில் வேண்டாம். அங்கே போட்டுவைத்த உபரி, அசல் கட்டியதாக வரிக்குக் கணக்காகாது.

பிரதமர் வீட்டு வசதித் திட்ட மானியம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது?

2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டம் 2.0 இல் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். ஒவ்வொரு தவணை விடுவிக்கும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தால் மீதி மானியம் நின்றுவிடும். கடைசித் தவணை கணக்கில் ஏறும் வரை பாதிக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டி முடியாத அடுக்குமாடி வீடு. இப்போது வட்டி மட்டும் கட்டுகிறேன். கூடுதலாகக் கட்டலாமா?

இந்தக் கட்டத்தில் கட்டுவது ப்ரீ-இஎம்ஐ, அதில் அசல் ஒரு பைசாவும் குறையாது. முழுத் தவணையை இப்போதே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். வாடகையும் கட்டிக்கொண்டு முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சாவி வாங்கும் நேரத்துச் செலவுகளுக்குப் பணம் வேண்டும்.

முழுதாக அடைக்கும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரம் முன்பே "ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட்" கேளுங்கள். அதில் அடைக்கவேண்டிய தொகை, அது செல்லுபடியாகும் கடைசித் தேதி, அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி என்பது இருக்கும். தவணை பிடித்தமாகும் தேதிக்கு நெருக்கத்தில் அடைக்காதீர்கள். தவணையைத் தானாகப் பிடிக்கும் உத்தரவு முன்பே அனுப்பப்பட்டிருந்தால் கடன் முடிந்த பிறகும் ஒரு தவணை போய்விடும், திரும்பி வர வாரங்கள் ஆகும். தவணை பிடித்த நான்கைந்து நாளில் அடைப்பது வசதி. பிறகு தானாகப் பிடிக்கும் அந்த உத்தரவை ரத்து செய்ய எழுதிக்கொடுங்கள்.

வாங்கவேண்டியவை: என்ஓசி எனப்படும் நிலுவையில்லாச் சான்று, பூஜ்யம் பாக்கி காட்டும் கணக்கறிக்கை, கடன் கொடுத்தபோது நீங்கள் ஒப்படைத்த எல்லா மூலப்பத்திரங்களும். கிரயப்பத்திரம், தாய்ப்பத்திரம், கட்டட அனுமதி வரைபடம் என்று ஒவ்வொன்றையும் பழைய ஒப்படைப்புப் பட்டியலோடு சரிபார்த்து, பக்கங்களை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்திட்டு வாங்கிய காசோலைகளைத் திரும்பக் கேளுங்கள். கடனோடு ஒரே பிரீமியமாக எடுத்த ஆயுள் காப்பீடு இருந்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதோடு வேலை முடியாது. கடன் வாங்கும்போது பத்திரங்களை ஒப்படைத்ததாக எம்ஓடி ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதிக்கொடுத்து, அதையும் அதே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கடனை அடைத்துப் பத்து ஆண்டு ஆனாலும் வில்லங்கச் சான்றில் அந்த வங்கியின் பெயர் நிற்கும். விற்கும்போதோ பிள்ளைகள் பெயருக்கு எழுதும்போதோதான் இது தெரியவரும். அதற்குள் கிளை வேறு கிளையோடு இணைந்திருக்கும், பழைய கோப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அடைத்த மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

பத்திரத்தைத் தர இழுத்தடிக்கிறார்கள். என்ன செய்வது?

2023 டிசம்பர் 1 முதல், முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் மூல ஆவணங்களைக் கொடுத்துப் பதிவேடுகளில் உள்ள உரிமைப் பற்றையும் (சொத்தின் மேல் வங்கிக்கு உரிமை இருப்பதாக உள்ள பதிவு) நீக்க வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு. பத்திரம் தொலைந்திருந்தால் நகல் வாங்கித் தரும் பொறுப்பும் செலவும் அவர்களுடையது, அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. கடன் முடித்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வராமலோ திருப்தியில்லாமலோ 30 நாள் போனால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் இணையதளத்தில் புகார் பதியலாம்.

பத்திரம் வங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று ஆயிரம் ரூபாய் பாக்கி வைப்பது சரியா?

சாதாரணக் கடனில் வேண்டாம். தவணை முறையில் ஓடும் கடன் அந்தச் சிறு தொகையையும் விரைவில் தீர்த்துவிடும். கவனிக்காமல் தவறினால் ஆயிரம் ரூபாய்க்காகக்கூட சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) தாமதம் பதிவாகும். வங்கி லாக்கரின் ஆண்டு வாடகையே இதைவிட நிம்மதி.

எல்லாம் முடிந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மூன்று இடம். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கடன் "முடிந்தது" என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் காட்ட வேண்டும். அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் உங்கள் சொத்தின் மேல் இருந்த பற்று தீர்ந்ததாக இருக்க வேண்டும், அதை வங்கிதான் பதிய வேண்டும். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எம்ஓடி பதிவான ஆண்டிலிருந்து இன்றுவரை தேடிப் பாருங்கள். எம்ஓடி வரிக்குக் கீழே ரசீது ஆவணத்தின் வரி வந்திருக்க வேண்டும், ஆவண எண், சர்வே எண், மனை எண் மூன்றும் உங்கள் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் எண் பிசகியிருந்தால் ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள்.